வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

நாய்க்குட்டி வளர்ப்பைப் பற்றி வந்த கடிதங்கள் இம்முறை மிகுதி என்பதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் விவரம் கூடுதலாக உள்ள கடிதத்தை எடுத்துக்கொண்டேன். குட்டி என்ன செய்தது என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அது எந்த நேரத்தில் நடந்தது, அதற்கு அடுத்த நொடியில் வீட்டார் என்ன செய்தார்கள் என்பதை எழுதியவர்கள் மிகச் சிலர். அடுத்த கடிதங்களில் அவற்றையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது எனக்கு எளிதாக இருக்கும்.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இப்போது 35 நாள் ஆகிறது. தட்டில் வைத்ததைத் தாமாகவே நக்கிச் சாப்பிடுகின்றன என்பதால் இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சிறு வயதிலேயே எடுத்து வந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்பது உண்மையா?

பதில்: இன்னும் 3 வாரம் பொறுத்திருங்கள். தானாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டதால் குட்டி தாயைப் பிரியத் தயாராகிவிட்டது என்று பலரும் கணக்கிடுகிறார்கள். ஆனால் 5 வாரத்திலிருந்து 8 வாரம் வரை தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் அது கற்பவற்றுள் முக்கியமானவை சாப்பாட்டைப் பற்றியவை அல்ல. விளையாட்டில் அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திக்கொண்டு விலகிப் போகும், விளையாட்டு நின்றுவிடும். பால் குடிக்கையில் பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்ற பாடத்தை மனிதர்களாகிய நாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தர முடிவதில்லை. 4, 5 வாரத்தில் பிரித்தெடுத்து வந்த குட்டிகள் பலவற்றை என் மருத்துவமனையில் பார்த்திருக்கிறேன். கடியின் அளவு தெரியாமலும், மற்ற நாய்களின் உடல் காட்டும் குறிப்புகள் புரியாமலும் அவை வளர்வதைக் கண்டு வருந்தியிருக்கிறேன்.

ஒட்டுதலைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இடமில்லை. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகிய இருவரும் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆராய்ந்து 1965-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குட்டி தன்னைச் சுற்றியுள்ள உயிர்களோடு எளிதாக உறவு கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3-ஆவது வாரத்தில் தொடங்கி 12-ஆவது வாரம் வரை நீள்கிறது என்பது அவர்கள் கண்டது. 8 வாரம் முடிந்து எடுத்து வந்தாலும் அந்தப் பருவத்தில் ஏறத்தாழப் பாதி உங்கள் வீட்டில்தான் கழியப் போகிறது. அதுவரை வாரத்துக்கு இரண்டு முறையாவது சென்று, தரையில் உட்கார்ந்து, குட்டி தானாக வந்து மடியில் ஏற விடுங்கள். கடைசி வாரத்தில் ஒரு பழைய துணியைத் தாய் படுக்கும் இடத்தில் விரித்து வைக்கச் சொல்லி, குட்டியோடு சேர்த்து வாங்கி வாருங்கள்.

கேள்வி: குட்டி வந்து இரண்டு இரவு ஆகிறது. சமையலறையில் மெத்தை போட்டுக் கதவைச் சாத்தினால் விடிய விடியக் கத்துகிறது. "அழட்டும், மூன்று நாளில் பழகிவிடும், தூக்கினால் செல்லம் கொடுத்தது போலாகும்" என்கிறார் என் கணவர். எனக்கு மனம் கேட்கவில்லை.

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி. பிறந்த நாள் முதல் ஓர் இரவுகூடத் தனியே தூங்கியறியாத உயிர் அது. உடன்பிறந்தவற்றின் உடல் சூட்டில் கிடந்து உறங்கிய குட்டி, இருட்டில், புதிய வாசனைகளுக்கு நடுவில் தனியே அடைபட்டால், தாயைத் தேடிக் கத்துவது அதன் இயல்பு. உங்களைத் தன் விருப்பத்துக்கு வளைக்க அது திட்டமிடுகிறது என்று எண்ண வேண்டாம். மூன்று நாள் அழவிட்டால் நான்காம் நாள் அமைதியாகும் என்பதும் உண்மையாக இருக்கலாம். அழைத்தால் யாரும் வரமாட்டார்கள் என்று அது அதற்குள் முடிவுகட்டியிருக்கும். இப்படிப் "பழகிய" குட்டிகளுள் சில, வளர்ந்த பின் வீட்டில் தனியே இருக்க முடியாமல் கதவைப் பிறாண்டிக் கால் நகம் பெயரும் அளவுக்குத் தவிப்பதைக் கண்டிருக்கிறேன்.

உயரமான பக்கங்களுள்ள அட்டைப்பெட்டி ஒன்றையோ கூண்டையோ உங்கள் கட்டிலை ஒட்டி வைத்து, தாயின் வாசனையுள்ள துணியை அதில் விரித்து, குட்டியைப் படுக்க வையுங்கள். முனகினால் கையை மட்டும் உள்ளே விடுங்கள். பேச வேண்டாம், விளக்கைப் போட வேண்டாம். அச்சத்தில் இருக்கும் உயிரின் அருகில் இருப்பதால் அதன் அச்சம் வளராது என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் கவலைப்படுவதிலும் ஒரு நியாயம் உண்டு: நள்ளிரவில் கத்தினால் விளையாட்டு கிடைக்கும் என்று குட்டி கற்றுக்கொண்டால் அது நீடிக்கும். ஆகவே உடனிருங்கள், விளையாட்டுக் காட்டாதீர்கள். மூன்று நான்கு மணி நேரம் தூங்கிய பின் எழுந்து நிலைகொள்ளாமல் முனகினால் அது சிறுநீர் கழிப்பதற்கான அழைப்பு. தூக்கிச் சென்று, முடித்ததும் ஓசையின்றிக் கொண்டுவந்து படுக்க வைத்துவிடுங்கள். ஓரிரு வாரம் கழித்துப் படுக்கையை நாளுக்குச் சிறிது தூரமாக, நீங்கள் விரும்பும் இடத்தை நோக்கி நகர்த்தலாம்.

கேள்வி: எங்கள் குட்டிக்குப் பத்து வாரம் ஆகிறது. வெளியே அரை மணி நேரம் நின்றாலும் போகாமல், வீட்டுக்குள் வந்ததும் தரையில் சிறுநீர் கழிக்கிறது. மூக்கை அதில் தேய்த்துப் பார்த்தோம். செய்தித்தாளைச் சுருட்டி அடித்தும் பார்த்தோம். தவறு என்று அதற்குத் தெரிகிறது. நாங்கள் அறைக்குள் வந்தாலே காதை மடக்கிக்கொண்டு, தலை குனிந்து ஒதுங்குகிறது. தெரிந்தும் ஏன் செய்கிறது?

பதில்: அதற்குத் தெரியாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், சுருட்டிய செய்தித்தாளைப் பயன்படுத்தச் சொல்லி நானே சிலருக்கு அறிவுரை கூறியிருக்கிறேன். அப்படிச் சொன்ன ஒரு வீட்டுக் குட்டி, சில வாரங்களில் மனிதர் கண்முன் சிறுநீர் கழிப்பதையே நிறுத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் தேடிப்போய் கழிக்கத் தொடங்கியது. வெளியே அழைத்துச் சென்றாலும், கயிற்றைப் பிடித்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அடக்கிக்கொள்ளும். "மனிதர் அருகில் இருக்கும்போது சிறுநீர் கழித்தால் அடி விழும்" என்ற பாடத்தை அது பிழையில்லாமல் கற்றிருந்தது. உங்கள் குட்டி வெளியே அடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து கழிப்பதும் இதன் தொடக்கமாக இருக்கலாம்.

குனிந்த தலையைப் பற்றி: அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், உண்ணக்கூடாத தின்பண்டத்தை நாய் உண்மையில் உண்டதா இல்லையா என்பதற்கும் அது காட்டிய "குற்ற முகத்துக்கும்" தொடர்பு இருக்கவில்லை, உரிமையாளர் கடிந்துகொண்டபோதுதான் அந்த முகம் தோன்றியது, தவறே செய்யாத நாயிடமும் தோன்றியது. நீங்கள் வருந்தும் முகமாகக் காண்பது, கோபமாக இருப்பவரைத் தணிக்க நாய்கள் காட்டும் பணிவு.

இனிச் செய்ய வேண்டியது. நான்கு நாட்களுக்கு ஒரு குறிப்பேட்டில் குட்டி உண்ட நேரம், தூங்கி எழுந்த நேரம், சிறுநீரும் மலமும் கழித்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒழுங்கு ஒன்று தெரியவரும். எத்தனை மாதக் குட்டியோ அத்துடன் ஒன்று கூட்டினால் வரும் மணி நேரம்தான் பகலில் அதன் அடக்கும் திறனின் உச்ச எல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். விழித்து விளையாடும்போது அந்த எல்லையும் பொருந்தாது. தூங்கி எழுந்தவுடன், உண்ட பின் ஐந்து நிமிடம் முதல் அரை மணிக்குள், விளையாட்டின் நடுவில் சட்டென்று நின்று தரையை முகர்ந்து வட்டமிடும்போது, இவை தவிர விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை, ஒரே இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே நின்று வேடிக்கை காட்டாமல் அசையாதிருங்கள். கழித்து முடித்த அடுத்த நொடியிலேயே, அதே இடத்தில், மென்மையாகப் பாராட்டி ஒரு சிறு தின்பண்டத் துண்டைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குப் பரிசு என்றுதான் அது புரிந்துகொள்ளும். முடித்தவுடன் உள்ளே இழுத்து வரவும் வேண்டாம். கழித்தால் வெளியுலாவும் முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்ட குட்டி கழிப்பதைத் தள்ளிப்போடும். இரண்டு நிமிடம் விளையாட விட்டு அழைத்து வாருங்கள். ஐந்து நிமிடத்தில் கழிக்கவில்லை என்றால், உள்ளே கொண்டுவந்து மடியிலோ இடுப்பில் கட்டிய கயிற்றிலோ அருகிலேயே வைத்திருந்து, கால் மணி நேரத்தில் மறுபடி அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் அரை மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்ததும் அவிழ்த்து விடும் அந்த இடைவெளியில்தான் தரை நனைகிறது.

உள்ளே கழிக்கும் நேரத்தில் கண்டால் சத்தமின்றித் தூக்கி வெளியே கொண்டுபோங்கள். பிறகு கண்டால் துடைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அந்த வாடை சிறுநீரை நினைவூட்டி அதே இடத்துக்குக் குட்டியை அழைக்கும். கறையின் வாசனையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் நல்லது. இவ்வளவும் செய்த பின்னும் சொட்டுச் சொட்டாக அடிக்கடி கழித்தாலோ, கழிக்கும்போது முனகினாலோ, சிறுநீர்ப்பாதையில் தொற்று இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: முதல் தடுப்பூசி போட்டாயிற்று. அதுவே போதும் என்கிறார் ஒருவர். எல்லா ஊசியும் முடியும்வரை குட்டியை வாசலுக்குக்கூடக் கொண்டுவராதே என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் குட்டிக்குக் கேடு. பிறந்த முதல் நாளில் சீம்பாலோடு குட்டியின் உடலுக்குள் செல்லும் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் சில வாரங்கள் அதைக் காக்கின்றன. அதே பொருள்கள், நாம் போடும் தடுப்பூசியையும் நோய்க்கிருமி என்று எண்ணிச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அவை எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும்; ஒரே ஈற்றில் பிறந்தவற்றுள்ளும் மாறும். ஆகவேதான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டு, கடைசி ஊசியை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடுகிறோம். முதல் ஊசியோடு நிறுத்திய குட்டிக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று யாராலும் உறுதி கூற முடியாது. 1978-இல் உலகெங்கும் பரவத் தொடங்கிய, நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். சோப்பு நீருக்கு அது அழியாது, அழுக்கை நீக்கிய பின் 1 பங்கு பிளீச் திரவத்தை 30 பங்கு நீரில் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். வாந்தி, உணவு மறுப்பு, இரத்தம் கலந்து நாறும் கழிச்சல் ஆகியவை தெரிந்தால் மறுநாள் வரை காத்திராதீர்கள்.

அதற்காக 16 வாரம் வரை அறைக்குள் பூட்டி வைத்தால், முதல் பதிலில் சொன்ன பழகும் பருவம் வெறுமையாகக் கழிந்துவிடும். உலகத்தைப் பார்க்காமல் வளர்ந்த நாய் பின்னர் குடையையும் தொப்பியையும் கண்டு நடுங்கும். நடுக்கம் பலமுறை கடியில் முடியும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முதல் ஊசி போட்டு ஏழு நாளான குட்டிகளைத் தூய்மையான இடத்தில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் சேர்க்கலாம் என்றே பரிந்துரைத்தது. வகுப்பு இல்லாவிட்டாலும் குழந்தையைப் போலக் கையில் தூக்கிச் செல்லுங்கள். வாகன ஓசை, கைத்தடி ஊன்றி நடப்பவர், சக்கர நாற்காலி, ஓடும் சிறுவர்கள், இவற்றையெல்லாம் தொலைவிலிருந்து பார்க்கட்டும். கையிலுள்ள தின்பண்டத்தை உண்ண மறுத்தால் நீங்கள் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். தடுப்பூசி முழுமையாகப் போட்ட, சாந்தமான நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம். அறியாத நாய்கள் கழிக்கும் மண்ணில் மட்டும் இறக்கிவிட வேண்டாம்.

குடற்புழு நீக்க மருந்தையும் மறந்துவிடாதீர்கள். உருண்டைப் புழுக்கள் பிறப்பதற்கு முன்பே தாயின் உடலிலிருந்து குட்டிக்குச் செல்கின்றன, அவற்றின் முட்டைகள் மனிதக் குழந்தைகளையும் பாதிக்கும். 2 வாரத்தில் தொடங்கி 8 வாரம் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், எடை பார்த்துக் கொடுப்பது நடைமுறை.

கேள்வி: குட்டிக்கு மாட்டுப்பால் கொடுக்கலாமா? எலும்பு வலுப்பெறச் சுண்ணாம்புச்சத்து மருந்தும் வாங்கி வைத்திருக்கிறேன். நாங்கள் உண்பதை எல்லாம் கொடுக்கலாமா?

பதில்: தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பால் தேவையில்லை, பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே வருவதால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் உண்டாகும். குட்டிகளுக்கென்று தயாரிக்கப்பட்ட முழுமையான உணவைக் கொடுத்து வந்தால் சுண்ணாம்புச்சத்து மருந்தும் வேண்டாம். பெரிதாக வளரும் இனங்களின் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச்சத்து மிகுந்தாலும் எலும்பு வளர்ச்சி கெடும் என்பதால் அந்தப் புட்டியை எடுத்து வைத்துவிடுங்கள். நான்கு மாதம் வரை நாளுக்கு மூன்று நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரு வேளை போதுமானது.

வீட்டு உணவில் சில பொருள்கள் நஞ்சு: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த மிட்டாய்கள். வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். காய்ச்சலுக்கு நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பதினொரு வாரக் குட்டி. மாலையானால் கண்டபடி ஓடி, கை கால்களைக் கடிக்கிறது. நேற்று என் ஏழு வயது மகனின் கையில் பல் பட்டுச் சிறிது இரத்தம் வந்தது. கோபத்தால் கடிக்கிறதா? வாயை இறுக்கிப் பிடித்துக் கண்டிக்கலாமா?

பதில்: முதலில் மகனின் கை. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். நேற்று கழுவியிருந்தாலும் இன்று மறுபடி கழுவிவிட்டு, இதைப் படித்த கையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிகளுக்கு 12 வாரம் முடிந்த பிறகே பொதுவாகப் போடுகிறோம் என்பதால் உங்கள் குட்டிக்கு அது இன்னும் போடப்பட்டிருக்காது. குட்டிக்கு வெறிநோய் வராது என்ற எண்ணம் தவறு. அறிகுறி தோன்றிய பின் அந்த நோயிலிருந்து தப்பியவர்கள் அரிதினும் அரிது, காலத்தில் போட்ட ஊசியோ அதைத் தடுத்துவிடும். ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். குட்டி கடித்ததைத் திட்டுக்கு அஞ்சி மறைக்காமல் சொல்லும் பழக்கத்தையும் பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள்.

இனிக் குட்டி. அதற்குக் கோபம் இல்லை. இப்போதுள்ள 28 பால் பற்களும் இன்னும் சில வாரங்களில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அதுவரை ஈறு அரிக்கும், வாய் எதையாவது தேடும். மாலை வேளையின் வெறியாட்டத்துக்குப் பெரும்பாலும் தூக்கக் குறைவே காரணம். இந்த வயதுக் குட்டி நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் வரை தூங்க வேண்டியது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதை யாரும் தூங்க விடுவதில்லை. ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அமைதியான மூலையில் படுக்க வையுங்கள். பாதி நாட்களில் மாலைக் கடி அதனாலேயே குறைந்துவிடும்.

வாயை இறுக்கிப் பிடித்தால், முகத்தருகே வரும் கை வலி தரும் என்று கற்றுக்கொள்ளும். நாளை மகன் தடவ நீட்டும் கைக்கும் அந்தப் பாடமே பொருந்தும். கையை விளையாட்டுப் பொருளாக்காமல், மென்று விளையாட நீண்ட துணிப்பொம்மை ஒன்றை எப்போதும் அருகில் வைத்திருங்கள். பல் தோலில் பட்ட அதே நொடியில் விளையாட்டை நிறுத்தி எழுந்து, அரை நிமிடம் திரும்பி நில்லுங்கள். உடன்பிறந்த குட்டி செய்ததும் இதுதான். மகனுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: குட்டி தாவினால் ஓடாமல், கத்தாமல், கைகளைக் கட்டிக்கொண்டு மரம் போல் நிற்க வேண்டும். ஓடும் கால்தான் குட்டிக்குப் பெரிய விளையாட்டு. குட்டி எவ்வளவு சாதுவாக இருந்தாலும் இருவரையும் தனியே விட வேண்டாம்.

கேள்வி: குட்டி உண்ணும்போது நடுவில் தட்டை எடுத்து, யார் தலைவர் என்று காட்ட வேண்டும் என்று என் மாமனார் தினமும் அப்படியே செய்கிறார். முறைத்தால் மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிக்கிறார். சென்ற வாரத்திலிருந்து தட்டருகே போனாலே உறுமுகிறது. பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: இந்தப் பதிலை அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவர் கூறுவது ஒரு காலத்தில் நூல்களிலும் இருந்த கருத்துத்தான். சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதியதிலிருந்து, சண்டையிட்டு வென்ற "தலைவன்" என்ற கருத்து பரவியது. 1970-இல் வெளியான தம் நூலால் அதைப் பரப்பியவர்களுள் ஒருவரான டேவிட் மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் இயற்கையாக வாழும் ஓநாய்களைப் பல கோடைகளில் பார்த்த பின், 1999-இல் அக்கருத்தைத் திருத்தி எழுதினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம். பிள்ளைகள் பெற்றோரைப் பின்தொடர்வதற்கு யாரும் யாரையும் மல்லாக்கத் தள்ள வேண்டியதில்லை.

குட்டியின் பக்கமிருந்து பாருங்கள். தினமும் ஒருவர் வருகிறார், வரும்போதெல்லாம் சோறு போகிறது. வராதே என்று சொல்ல அதற்கு உறுமலைத் தவிர வேறு மொழியில்லை. உறுமலுக்குத் தண்டனை கொடுத்தால் உறுமுவது நிற்கும், அச்சம் நிற்காது. எச்சரிக்காமல் கடிக்கும் நாய் அப்படித்தான் உருவாகிறது. ஆகவே உறுமினால் அன்றைக்கு விலகிவிடுங்கள்.

நாளை முதல், குட்டி உண்ணும்போது அது விறைக்காத தொலைவில் நின்று, அதன் உணவைவிடச் சுவையான ஒரு துண்டைத் தட்டை நோக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஓர் அடி நெருங்கலாம். மனிதர் வருவதைக் கண்டதும் குட்டி தலையை நிமிர்த்தி வாலை ஆட்டத் தொடங்கும் நாள் வரும். அதுவரை தட்டைத் தொடக் கூடாது. இந்த வேலையை மாமனாரே செய்வது நல்லது, ஏனெனில் நம்பிக்கை இழந்திருப்பது அவரிடம்தான். ஏற்கெனவே பல் பதித்திருந்தாலோ, வீட்டில் தவழும் குழந்தை இருந்தாலோ, நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டிய பின் தொடங்குங்கள்.

கேள்வி: வாரம் எத்தனை முறை குளிப்பாட்டலாம்?

பதில்: வாரக் கணக்கே வேண்டாம். அழுக்கானால் அல்லது மாதம் ஒருமுறை, நாய்களுக்கான ஷாம்பூ கொண்டு, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, காது மடலின் உட்புறம் வரை நன்றாகத் துவட்டிவிடுங்கள். மனிதர்களின் ஷாம்பூ அதன் தோலை வறளச் செய்யும். தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் குளியலால் மட்டும் போகா. குட்டியின் வயதையும் எடையையும் சொல்லி மருந்து பெறுங்கள்.

கேள்வி: ஒரு வாரம் விடுப்பு எடுத்துக் குட்டியோடு இருந்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். எட்டு மணி நேரம் அதனால் தனியே இருக்க முடியுமா?

பதில்: முடியாது, அடக்கும் திறனும் அதற்கு இல்லை, மனமும் பழகியிருக்காது. விடுப்பு முழுவதும் நொடிகூடப் பிரியாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மறைந்துபோவதைவிடக் கடினமான பயிற்சி வேறில்லை. இன்றே தொடங்குங்கள்: குட்டி உண்டு, கழித்து, களைத்திருக்கும் நேரத்தில் மென்று கொண்டிருக்க ஏதாவது கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குச் சென்று அரை நிமிடத்தில் திரும்புங்கள். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து, பத்து. அது பதறுவதற்கு முன்பே நீங்கள் திரும்பிவிட வேண்டும்; பதறினால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாவியை எடுப்பதும் செருப்பு மாட்டுவதும் பிரிவின் அறிகுறிகளாகிவிடும் என்பதால், எங்கும் போகாமலே அவற்றைப் பலமுறை செய்யுங்கள். திங்கட்கிழமை முதல் சில வாரங்களுக்கு, நடுப்பகலில் ஒருவர் வந்து வெளியே கொண்டுசெல்லவும் உணவு தரவும் ஏற்பாடு செய்ய முடியாவிட்டால், மேலும் சில நாள் விடுப்பு கேட்பதைப் பற்றித் தயங்காமல் யோசியுங்கள்.

கேள்வி: ஐந்து மாதத்தில் கூப்பிட்டதும் ஓடிவந்த நாய், எட்டு மாதம் ஆனபின் என் குரலையே கேளாதது போல் நிற்கிறது. பயிற்சியாளர் சொன்னால் மட்டும் கேட்கிறது. நான் எங்கே தவறினேன்?

பதில்: பெரும்பாலும் நீங்கள் எங்கும் தவறவில்லை. 2020-இல் பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றைக் கொண்டு நடத்திய ஆய்வில், 8 மாத நாய்கள் 5 மாதத்தில் இருந்ததைவிடத் தம்மை வளர்ப்பவரின் "உட்கார்" என்ற சொல்லுக்குக் குறைவாகவே பணிந்தன. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அந்தக் குறைவு காணப்படவில்லை. நீங்கள் எழுதியிருப்பதும் அதுவே. இது விடலைப் பருவம். ஓராண்டு நிரம்பும்போது பெரும்பாலும் கடந்துவிடும். மனம் நொந்து பலர் நாயைக் கைவிடுவதும் இந்த மாதங்களில்தான் என்பதால் இதை நீங்கள் எழுதிக் கேட்டது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். நாய் வந்ததும் அடுத்த நொடியில் என்ன நடக்கிறது? பூங்காவில் விளையாடும் நாயைக் கூப்பிட்டு, வந்ததும் கயிற்றில் மாட்டி வீட்டுக்கு இழுத்து வந்தால், அல்லது தாமதமாக வந்ததற்குக் கடிந்துகொண்டால், வருவது நட்டம் என்று அது கணக்கிட்டுக்கொள்ளும். சில வாரங்களுக்கு நீளமான கயிற்றில் விட்டு, பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை ஒரு துண்டு தின்பண்டம் கொடுத்து உடனே மறுபடி விளையாட விடுங்கள். பழைய அழைப்புச் சொல் கேளாத சொல்லாகிவிட்டிருந்தால் புதிய சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், கடைசியாகப் பூங்காவில் என்று தொடங்குங்கள். வராத நாளில் இரண்டாம் முறை கூப்பிடாமல், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நீங்கள் அதனருகே நடந்து செல்லுங்கள்.